ஒப்பந்தத் தொழிலாளரின் விபத்தும் உரிமையாளரின் பொறுப்பும்

தொழிற்கடன் பெறும் வாடிக்கையாளர்களிடம் நாங்கள் தவறாது கேட்கும் ஆவணங்களுள் ஒன்று, கட்டடம், இயந்திரம், சரக்கு ஆகியவற்றுக்கான காப்பீட்டுப் பாலிசி. கடனுக்கு ஈடாக உள்ள சொத்தை அது காக்கிறது. அச்சொத்தின் நடுவே அன்றாடம் உழைக்கும் மனிதருக்கு நேரும் விபத்தை அது காப்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பலர் விபத்து நேர்ந்த பின்னரே உணர்கின்றனர்.

ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். மூட்டை ஏற்றி இறக்கும் பணி ஒப்பந்ததாரர் ஒருவரிடம் விடப்பட்டுள்ளது. ஆட்களை அழைத்து வருபவரும் கூலி கொடுப்பவரும் அவரே. ஒருநாள் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து, 30 வயதுத் தொழிலாளி ஒருவர் உயிரிழக்கிறார். "அவர் எங்கள் பணியாளர் அல்லர்" என்று ஆலை உரிமையாளர் விலகிக்கொள்ள இயலுமா?

இயலாது. பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923இன் 12ஆம் பிரிவு இதைத் தெளிவாகக் கூறியது. தம் தொழிலின் வழக்கமான பகுதியாகிய வேலையை ஒப்பந்தத்தில் விடுபவர், தம் வளாகத்திலோ தம் கட்டுப்பாட்டிலுள்ள இடத்திலோ நேரும் விபத்துக்கு, அத்தொழிலாளியைத் தாமே நியமித்திருந்தால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 இந்நெறியையே தொடர்கிறது.

"விபத்துக்கு ஒப்பந்ததாரரே முழுப் பொறுப்பு" என்று எழுதி வாங்கியிருந்தால் பயனுண்டா? உண்டு, ஆனால் தொழிலாளியின் குடும்பத்துக்கு எதிராக அன்று. இழப்பீட்டைச் செலுத்திய பின் அத்தொகையை ஒப்பந்ததாரரிடமிருந்து மீட்டுக்கொள்ளலாம். அவரிடம் பணம் இல்லையெனில் அவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

தொகையும் சிறிதன்று. உயிரிழப்புக்கு, மாத ஊதியத்தில் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்குவர். 2020 ஜனவரி அறிவிக்கையின்படி, கணக்கில் கொள்ளும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு ரூ.15,000. 30 வயதுக்குரிய காரணி 207.98. எனவே அவ்வூதியம் பெற்றவருக்கு இழப்பீடு 7,500 × 207.98, அதாவது ரூ.15,59,850. உழைத்தவரை இழந்த குடும்பத்துக்குப் பல வேளைகளில் இதுவே ஒரே பற்றுக்கோடு. ஆதலால் 1923ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தாமதத்துக்கு 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணம் இல்லையெனில் இழப்பீட்டில் 50 விழுக்காடு வரை அபராதமும் விதித்தது. அபராதம் காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பன்று என்று உச்ச நீதிமன்றம் 1997இல் வாகன விபத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. தாமதத்தின் சுமை உரிமையாளரையே சேரும்.

தொழிலாளி இ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவராயின், அவருடைய குடும்பம் அத்திட்டத்தின் பயன்களைப் பெறும். உரிமையாளரிடம் தனியே இழப்பீடு கோருவதில்லை. ஒப்பந்தத் தொழிலாளருக்கான சந்தாவை முதலில் செலுத்தும் பொறுப்பும் உரிமையாளருடையதே. பின்னர் அதை ஒப்பந்ததாரரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராதவர்களுக்குப் பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி தேவை. அதை வாங்குகையில் மூன்றினைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, இத்தகைய பாலிசிகள் பொதுவாக ஒப்பந்ததாரரின் ஆட்களை விலக்கியே எழுதப்படுகின்றன. கூடுதல் பிரீமியம் செலுத்தி அவர்களையும் சேர்த்திருப்பதைப் பாலிசியிலேயே படித்து உறுதிசெய்க.

இரண்டாவது, ஆட்களின் எண்ணிக்கை, ஊதியம், வேலையின் தன்மை ஆகியவற்றை உள்ளபடியே தெரிவிக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைக்கக் குறைத்துக் காட்டுவது, இழப்பீடு கோரும் வேளையில் தடையாகும்.

மூன்றாவது, ஒப்பந்ததாரர் தாமே பாலிசி வைத்திருப்பின் அதன் நகலைப் பெற்று, காலமும் பணியிடமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். காலாவதியான பாலிசி வெறுந்தாளே.

வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலான எவரும் ஆண்டுக்கு ரூ.20 செலுத்திப் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு நேரின் ரூ.2 லட்சம் கிடைக்கும். உங்கள் வளாகத்தில் பணிபுரியும் ஒவ்வொருவரையும் இதில் சேர ஊக்குவியுங்கள். எனினும் இது கூடுதல் துணையேயன்றி, உரிமையாளரின் கடமைக்கு மாற்றன்று.

அடுத்த முறை சரக்குக் காப்பீட்டைப் புதுப்பிக்கையில், மூட்டைக்குப் பாலிசி இருப்பதுபோல் அதைச் சுமப்பவருக்கும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.