சொல்லிட்டுப் போடா!



எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. முதலாண்டில் ஹாஸ்டலுக்கு வந்தபோது எனக்கு டிராப்டர் பிடிக்கவும் தெரியாது, யாரிடம் போய்க் கேட்பது என்றும் தெரியாது. ஊருக்கே போய்விடலாம் என்று இரண்டு முறை பெட்டியைக் கட்டினேன். என்னை இங்கே தங்க வைத்தது ஒரு நாற்பது பக்க நோட்டு!

அதில் ஹாஸ்டல் மாணவர்களின் பெயர், அறை எண், ரத்த வகை, கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி எல்லாம் இருக்கும். ரத்த வங்கியிலிருந்து போன் வந்தால் அதைப் பார்த்துத்தான் ஆள் அனுப்புவார்கள். முகாமில் பரிசோதித்தபோது எனக்கு ஓ நெகட்டிவ் என்று தெரிந்தது. நோட்டு வைத்திருந்த சீனியர் அண்ணன், "தம்பி, உனக்குப் பதினஞ்சு வயசுதான் ஆகுது. பதினெட்டு ஆகட்டும். அதுவரைக்கும் ராத்திரி போன் வந்தா ஆள எழுப்புறது உன் வேலை" என்றார்.

கதவு கதவாகத் தட்டினேன். தட்டியதில் பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்ததில் பழக்கம் வந்தது. எனக்கு டிராப்டர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அப்படி நான் எழுப்பிய ஒரு அண்ணன்தான்.

இத்தனை ஓட்டம் எதற்கு, ரத்தத்தை மொத்தமாகச் சேர்த்து வைக்கக் கூடாதா என்று கேட்கலாம். முடியாது நண்பர்களே. ரத்தத்தை எந்தத் தொழிற்சாலையிலும் தயாரிக்க முடியாது. சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் 35 முதல் 42 நாட்கள்தான் தாங்கும். தட்டணுக்கள் 5 நாட்கள்தான். வகையும் பொருந்த வேண்டும். இந்த வகைகளை 1901-ல் வியன்னாவில் கண்டறிந்து சொன்னவர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களை அவசரத்துக்கு எந்த வகையினருக்கும் ஏற்றலாம். ஆனால் ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் சேரும்.

காசு கொடுத்து வாங்கலாம் என்றால் அதுவும் இல்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையொட்டி, 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது தடை செய்யப்பட்டது. ஆகவே யாரோ ஒருவர் மனமுவந்து வந்தால்தான் உண்டு.

வருபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது. ஹீமோகுளோபின் 12.5 கிராமாவது வேண்டும். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஆர்வக் கோளாறில் முன்கூட்டியே கிளம்புகிறவரை நிறுத்தத்தான் நோட்டில் தேதி எழுதுகிறோம்.

இந்த ஆண்டு எனக்குப் பதினெட்டு முடிந்தது. இப்போது நோட்டு வைத்திருக்கும் என் அறைத் தோழன் அன்றே சொன்னான்: "டேய், இனிமே எங்க போனாலும் சொல்லிட்டுப் போடா." நான் எங்கே இருக்கிறேன் என்று இந்த ஊரில் ஒருவனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது! அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரன் ஆனேன்.

அடுத்த மாதமே ஓர் இரவு போன் வந்தது. பிரசவத்துக்கு வந்த ஒரு அம்மாவுக்கு ரத்தம் வேண்டுமாம். போய்க் கொடுத்தேன். மறுநாள் வீட்டுக்குச் சொன்னபோது அம்மா பதறிவிட்டார். "படிக்க அனுப்புனா ரத்தத்தக் குடுத்துட்டு வரியேடா!" உடம்பில் சுமார் ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது, எடுத்தது 350 மில்லிதான், சில வாரங்களில் ஊறிவிடும் என்று விளக்கினேன். "யாரு அவங்க?" என்றார். "தெரியாதும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, சாப்பிட்டுத்தானே போன?" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் நண்பர்களே, அதுவும் விதிதான்!

ஏப்ரலில் நாங்கள் போய்விடுவோம். நோட்டு அறையில்தான் இருக்கும், வாங்கிக்கொள்ள ஒரு கை வேண்டும். முதலாண்டுத் தம்பிகளே, பெட்டியைக் கட்டத் தோன்றினால் முதலில் வந்து எங்கள் கதவைத் தட்டுங்கள்.

– மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்