நாய்க்குட்டியின் இராக்கால அழுகை

தீவகத்து இராப்பொழுது அமைதி மிக்கது. பனையோலையின் சலசலப்பும் தூரத்துக் கடலின் இரைச்சலுமன்றி வேறோசை பெரும்பாலும் செவியிற் படாது. அவ்வமைதியினிடையே, புதிதாகக் கொண்டுவரப்பட்ட நாய்க்குட்டியொன்று அழத் தொடங்குமாயின் வீட்டார் மட்டுமன்றி அயலாரும் உறக்கம் இழப்பர். இரண்டு மூன்று நாட் பொறுத்துப் பார்த்துவிட்டு, அக்குட்டியைச் சாக்கிலிட்டுச் சந்தையடியிலோ கடற்கரையிலோ விட்டு வருவாரும் உளர்.

யானும் அப்பிழையைச் செய்தவனே. மாணவனாயிருந்த காலத்தில் நெடுந்தீவிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்த குட்டியை முதல்நாளே மாட்டுக்கொட்டிலிற் கட்டினேன். இரண்டு இரவுகள் அது கதறியது. மூன்றாம் இரவு பிரம்பை எடுத்தேன். கதறல் கூடியதேயன்றிக் குறையவில்லை. விடியுமுன் அதனைச் சந்தையடியில் விட்டு வந்தேன். அது பின்னர் என்னாயிற்று என்பதை அறியேன். அதன் அழுகைக்குக் காரணம் யாதென அன்று எனக்கு எடுத்துரைப்பார் இல்லை. இன்று இம்மலரை வாசிக்கும் இளைஞர்க்கேனும் அது தெரிந்திருத்தல் வேண்டும்.

பிறந்த முதல் வாரங்களில் நாய்க்குட்டிகள் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள மாட்டா. தாயின் வயிற்றோடு ஒட்டியும் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தும் படுத்தே சூடு பெறும். கண் திறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு கிழமை செல்லும். அவ்வாறு ஒருநாளேனும் தனித்துறங்கி அறியாத குட்டியைத் தாயினின்றும் பிரித்து, அறியாத வீட்டில், இருளில், தனியே கட்டிவிடுகின்றோம். அது எழுப்பும் குரல் பிடிவாதத்தாலன்று. தாயை அழைக்கும் குரலேயாகும். அமெரிக்க அறிஞராகிய ஸ்கொற், புல்லர் என்போர் நாய்களைப் பல்லாண்டு ஆராய்ந்து 1965 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். பிறந்து மூன்றாம் கிழமை முதல் ஏறக்குறையப் பன்னிரண்டாம் கிழமை வரையுள்ள காலமே குட்டி பிறரோடு பழகக் கற்கும் காலமென அவர்கள் காட்டினர். அக்காலத்திற் பெற்ற அச்சம் நெடுநாள் நிற்கும். பெற்ற நம்பிக்கையும் அவ்வாறே நிற்கும்.

ஆதலின், எட்டுக் கிழமை நிரம்புமுன் குட்டியைத் தாயினின்றும் பிரித்தலாகாது. அதனைக் காலையிற் கொண்டுவருதலே நன்று. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணம். காற்றுக் காலத்திற் படகு பெரிதும் ஆடும். வயிறு நிறைய உணவூட்டி ஏற்றினாற் குட்டி வாந்தியெடுத்துச் சோரும். மாலைப் படகில் வரும் குட்டி புதிய வீட்டில் முதலிற் காண்பது இருளையே. காலையில் வருவதோ முற்றத்தையும் கிணற்றடியையும் முகர்ந்து, வீட்டாரையும் அறிந்துகொண்ட பின்னரே இரவைச் சந்திக்கும். வரும்போது தாய் படுத்த பழந்துணியொன்றையும் உடன் கொண்டு வருக. அத்துணியின் மணம் குட்டிக்கு ஆறுதல் தரும்.

பழைய கடகமொன்றிற் சாக்கும் துணியும் பரப்பி, அதனை வீட்டார் படுக்கும் பாயருகே வைத்தல் வேண்டும். சீமெந்துத் தரை மார்கழி வாடையில் மிகக் குளிரும். ஆகவே போத்தலில் இளஞ்சூட்டு நீர் நிறைத்து, இறுக மூடித் துணியாற் சுற்றி அருகில் வைக்கலாம். குட்டி முனகினால் கையை மெல்ல அதன்மேல் வைத்தாற் போதும். தூக்கி விளையாடுதல் கூடாது. சில இரவுகள் அமைதியாய் உறங்கிய பின்னர், கடகத்தை நாளுக்குச் சிறிது தூரமாக நகர்த்தி, நாம் விரும்பும் விறாந்தைக்குக் கொண்டு செல்லலாம்.

விளக்கு வைக்கும் வேளையில் இறுதி உணவைக் கொடுத்துச் சிறிது விளையாட விடுக. பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் உண்டாக்கும். நீர் எப்பொழுதும் கிடைத்தல் வேண்டும். படுக்குமுன் வளவில் ஒரே இடத்துக்குக் கொண்டுசென்று சலங்கழிக்கச் செய்க. இரண்டு மாதக் குட்டி மூன்று மணி நேரத்துக்குமேற் சலத்தை அடக்கமாட்டாது. உறங்கிய குட்டி நள்ளிரவில் எழுந்து, முகர்ந்து சுற்றி முனகுமாயின் அதுவே காரணமாகலாம். உடனே வெளியே கொண்டு சென்று, பேச்சும் விளையாட்டுமின்றித் திரும்பவும் படுக்க விடுக.

இவ்வளவு செய்தும் அழுகை நில்லாதாயின் உடலை ஆராய்தல் வேண்டும். காதினுள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருப்பின் குட்டி உறங்காது. குடற்புழுவினால் வயிறு உப்பியிருத்தலும் உண்டு. உணவை வெறுத்து, வாந்தியும் வயிற்றோட்டமும் காணின் தாமதியாது மிருக வைத்தியரை நாடுக. விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசி எப்பொழுது இடுவதென்பதையும் அவரிடமே கேட்டறிக. சந்தையடியில் விடப்படும் குட்டி பசியாலும் வாகனத்தாலும் இறந்தொழியும். தப்பிப் பிழைப்பது ஊசியின்றிக் கட்டாக்காலியாய்த் திரிந்து ஊருக்கே அச்சமாகும்.

பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் இன்று தீவகத்திற் பலவுள. அவ்வீடுகளிற் படலையடியிற் கிடக்கும் நாயே காவலும் துணையுமாகும். வைரவர் சூலத்துக்கு விளக்கேற்றி வணங்கும் நாம், அவர்தம் வாகனத்தின் குட்டியைச் சில இரவுகள் பொறுத்து அருகில் வைத்திருத்தல் அரிதன்று. அன்று எனக்கும் வேண்டியிருந்தது அச்சில இரவுகளின் பொறுமையே.