1,111 அவுன்ஸ் தங்கமும் இடிந்த கோட்டையும்

தங்கம் 1,111 அவுன்ஸ். வெள்ளி 2,353 அவுன்ஸ். மணிக்கற்கள் 17 அவுன்ஸுக்குச் சற்று மேல். சர்க்கரை 57 மூட்டை. துணியும் மற்ற சரக்குமாக 41 பொதி. கித்தான் 17 துண்டு.

1699 ஜூலையில் பாஸ்டனில் எடை போட்டு எழுதிய பட்டியல் இது. கடற்கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்ட கேப்டன் வில்லியம் கிட்டிடமிருந்தும், அவர் பொருளை ஒப்படைத்திருந்தவர்களிடமிருந்தும் கைப்பற்றியது இவ்வளவு. தங்கம் நிறுக்கும் ட்ராய் அவுன்ஸ் ஒன்றுக்கு 31.1 கிராம். அப்படியானால் தங்கம் சுமார் 34.5 கிலோ, நம் கணக்கில் 4,300 பவுனுக்கு மேல். வெள்ளி 73 கிலோ. கற்கள் அரை கிலோவைத் தாண்டும்.

இதில் ஒரு பங்கு மண்ணுக்கடியிலிருந்து வந்தது. நியூயார்க்கின் லாங் ஐலண்டின் கிழக்கு முனையருகே 3,300 ஏக்கரில் கிடக்கும் கார்டினர் தீவு, 1639 முதல் ஒரே குடும்பத்தின் சொத்து. 1699 ஜூனில் அங்கே வந்த கிட், தீவின் உரிமையாளர் ஜான் கார்டினருக்குத் தெரிந்தே பெட்டியைப் புதைத்தார். கார்டினர் பிறகு கொடுத்த வாக்குமூலம் கடைக்காரர் சிட்டை போலச் சின்னச் சின்ன விவரங்களால் நிறைந்தது. கிட் கேட்டு வாங்கியவை 6 ஆடுகள், ஒரு பீப்பாய் ஆப்பிள் மது. பதிலுக்குக் கார்டினரின் மனைவிக்கு மஸ்லின், வங்காளத் துணி. துணி கொஞ்சம் சேதமாகியிருந்தது என்பதைக்கூட அவர் விடவில்லை. அதே வாக்குமூலத்தில், திரும்பி வரும்வரை வைத்திருக்கச் சொல்லி கிட் ஒப்படைத்த மூவரும் வருகிறார்கள்: அடிமைகளான கறுப்பினச் சிறுவர் இருவர், சிறுமி ஒருத்தி. சரக்கோடு சரக்காக எழுதப்பட்ட அந்த மூன்று பிள்ளைகளைப் பற்றிப் புதையல் கதைகள் பெரும்பாலும் பேசுவதில்லை.

ஜூலை 6-ம் தேதி கிட் பாஸ்டனில் கைதானார். அதே மாதம் கார்டினர் எல்லாவற்றையும் தோண்டியெடுத்து ஒப்படைத்துவிட்டார். புதைந்திருந்த காலம் சில வாரங்கள்தான். ஆனால் கதை அடங்கவில்லை. 1701 மே 23-ல் லண்டனில் கிட்டைத் தூக்கிலிட்டபோது கயிறு அறுந்து, இரண்டாம் முறை மாட்டினார்கள். அவருடைய பொன் இன்னும் எங்கோ கிடக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் கடற்கரை நெடுகப் பரவியது. கனடாவின் ஓக் தீவில் குழி தோண்டத் தூண்டியதும் அதுதான். அங்கே இதுவரை 6 பேர் செத்திருக்கிறார்கள். அவர்களில் 4 பேர் 1965 ஆகஸ்டில் ஒரே நாளில், ஒரே குழியில், தந்தையும் மகனும் உட்பட. பெட்டி ஒன்றும் கிடைக்கவில்லை.

சரி, பட்டியலில் இருந்த பொருள் எங்கே போனது? கிட்டின் பயணத்துக்குப் பிரபுக்களும் மற்றவர்களும் சேர்ந்து போட்ட முதல் சுமார் 6,000 பவுண்டு. பறிமுதலான பொருளால் வந்தது 6,472 பவுண்டு. 1705-ல் ஆன் அரசி அதைக் கிரீனிச்சில் முதிய கடற்படையினருக்கான இல்லத்துக்குக் கொடுத்துவிட்டார். முதல் போட்டவர்களுக்கு அதில் பங்கில்லை. பொருளைப் பறிகொடுத்தவர்கள் அந்த வரவுசெலவிலேயே இல்லை. 1698 ஜனவரி 30-ல் மலபார் கரையோரம் கிட் பிடித்த 'கெடா மெர்ச்சன்ட்' கப்பலில் பட்டு, மஸ்லின், சர்க்கரை, அபின், வெடியுப்பு எல்லாம் இருந்தன. வங்காளத்திலிருந்து சூரத்துக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு, ஆர்மீனிய வணிகர்கள் அமர்த்திய கப்பல். புதையல் எங்கே என்று முந்நூறு வருஷமாகக் கேட்கிறார்கள். யாருடையது என்று கேட்டிருந்தால் பதில் அப்போதே கையில் இருந்தது.

கார்டினர் தீவுக்கு வடக்கே கடலில் தெரியும் சிதைவுக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்தச் சிதைவு இருக்கும் இடம் முன்பு தீவின் நீண்ட முனை. 1850-களில் அங்கே கலங்கரை விளக்கம் கட்டினார்கள். 1888 மார்ச் புயல் முனையை அறுத்துத் தனித் தீவாக்கியது. 1894-ல் கலங்கரை விளக்கம் இடிந்தது. அலை அரிக்கும் அதே மணலில் 1898-ல், ஸ்பெயினோடு போர் நடந்த வேளையில், டைலர் கோட்டை எழுந்தது. செலவு சுமார் 5 லட்சம் டாலர். அன்று அமெரிக்காவில் தங்கம் அவுன்ஸ் 20.67 டாலர். கிட்டின் தங்கம் முழுவதையும் விற்றாலும் 23,000 டாலர் தேறியிருக்காது. அதைப்போல ஏறக்குறைய 22 மடங்கு பணம் இந்த மணலில் இறங்கியது. அடித்தளம் நகர்ந்துகொண்டே இருந்ததால் கோட்டையைக் கைவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் குண்டுபோட்டுப் பழக அதுவே குறியானது. இன்று அதன் பெயரே 'இடிபாடுகள்'. வெடிக்காத குண்டுகள் கிடப்பதால் கரையேறத் தடை. இந்தக் கரையில் உண்மையிலேயே புதைந்த பெரும்பணம் இந்தக் கான்கிரீட்தான் என்பேன்.

பெரிய தீவோ தனியார் சொத்து, அழைப்பில்லாமல் போக முடியாது. கிட்டின் பயணத்தின் மிச்சத்தைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர் கரீபியனுக்குத்தான் போக வேண்டும். கிட் விட்டுவந்த 'கெடா மெர்ச்சன்ட்' டொமினிக்கன் குடியரசின் கட்டலினா தீவருகே கரையிலிருந்து சுமார் 20 மீட்டரில், 10 அடிக்கும் குறைந்த ஆழத்தில் 2007-ல் கிடைத்தது. 2011 முதல் அது கடலடி அருங்காட்சியகம். பீரங்கிகளுக்கு அடியிலிருந்த மரத்தைச் சோதித்தார்கள். தேக்கு, மேற்கு இந்தியாவில் வளர்ந்தது.