இடம் மாறாமல் முகம் மாறும் பொத்தான்கள்

மாணவர்களே, மந்திர் மார்க் போன்ற தில்லிச் சாலைகளின் முனையில் நிற்கும் பெயர்ப்பலகைகளை நீங்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். அவற்றில் இந்தி, ஆங்கிலம், பஞ்சாபி, உருது ஆகிய நான்கு மொழிகளிலும் பெயர் எழுதப்படுவது வழக்கம். எதிரே நிற்பவர் யார், அவருக்கு எந்த எழுத்து தெரியும் என்பதைப் பலகை அறியாது. ஆகவே அது நான்கையும் எப்பொழுதும் காட்டிக்கொண்டே நிற்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இச்சாலைக்கு ரீடிங் சாலை என்று பெயர். 1939-ஆம் ஆண்டில் காந்தியடிகள் திறந்துவைத்த இலட்சுமி நாராயணர் கோயில் அமைந்த இச்சாலை, பின்னர் மந்திர் மார்க் ஆயிற்று. மந்திர் என்னும் இந்திச் சொல்லுக்குக் கோயில் என்பது பொருள். பெயர் மாறியபொழுது பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

கைபேசித் திரை அத்தகைய பலகை அன்று. அதன்மேல் எதுவும் நிலையாக எழுதப்படவில்லை. பார்ப்பவர் விரும்பும் மொழி, எழுத்தின் அளவு, கைபேசியை நிமிர்த்திப் பிடித்திருக்கிறாரா கிடத்திப் பிடித்திருக்கிறாரா என்பது ஆகியவற்றை அறிந்து, அந்த நொடியில் திரை தன்னை வரைந்துகொள்கிறது. மனிதரும் கருவியும் சந்திக்கும் இந்த முகப்பைப் பயனர் இடைமுகம் என்பர். அதிலுள்ள பொத்தான், பட்டியல், எழுதும் பெட்டி முதலியவை கட்டுப்பாடுகள் எனப்படும். அவை எங்கெங்கே அமர்கின்றன என்னும் ஒழுங்கு தளவமைப்பு ஆகும். நிரல் எழுதப்படும் காலம் வேறு. அது பயனரின் கையில் ஓடிக்கொண்டிருக்கும் காலம் வேறு. பின்னதை இயக்க நேரம் என்கிறோம். தளவமைப்பும் கட்டுப்பாடுகளும் இயக்க நேரத்தில் எவ்வாறு மாறுகின்றன என்பதையும், அந்த மாற்றம் தமிழுக்கு ஏன் இன்றியமையாதது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

பலகைக்கும் தொடுதிரைக்கும் இடைப்பட்ட ஒரு நிலையும் உண்டு. வங்கியின் பணம் வழங்கும் இயந்திரத்தை நினைவுகூருங்கள். பல இயந்திரங்களில் திரையின் இருபுறமும் பெயரில்லாப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும். முதலில் ஒரு பொத்தானின் அருகே மொழியின் பெயர் திரையில் தோன்றும். அதனை அழுத்தியபின் அதே பொத்தானின் அருகே 'இருப்பு அறிய' என்றோ 'பணம் எடுக்க' என்றோ வேறொன்று தோன்றும். பொத்தான் உலோகம், பெயர் ஒளி. உலோகம் இருந்த இடத்திலேயே இருக்க, ஒளி மட்டும் மாறுகிறது. தொடுதிரை வந்தபின் பொத்தானும் ஒளியாகிவிட்டது. 2007 சனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் முதல் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், அக்காலக் கைபேசிகளின் பெருங்குறையாகச் சுட்டிக்காட்டியதும் இதனையே. நெகிழியில் பதித்த பொத்தான்கள் தேவைப்பட்டாலும் இல்லாவிட்டாலும் அங்கேயே இருக்கின்றன; விற்றுவிட்ட கருவியில் புதிதாக ஒரு பொத்தானைச் சேர்க்கவும் இயலாது.

இக்குறையால் ஆங்கிலத்தைவிட மிகுதியாக வருந்தியது தமிழ். ஆங்கிலத்திற்கு எழுத்துகள் இருபத்தாறு. தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. தட்டச்சுப்பொறியில் ஐம்பதுக்கும் குறைவான விசைகளே உண்டு. ஒவ்வொரு விசைக்கும் இரண்டு அச்சுகள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் நாடுகளுக்குச் சென்று பணியாற்றிய இரா. முத்தையா, இவ்வளவு எழுத்துகளையும் அச்சிறு பலகைக்குள் அடக்கத் தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தார். புள்ளி போன்ற மேற்குறியை அச்சிடும்பொழுது தாளைத் தாங்கிய வண்டி நகராமல் நிற்கும்படியான விசைகளை அவர் பயன்படுத்தினார். ஒரே இடத்தில் இரண்டு அச்சுகள் விழுந்து ஓரெழுத்தாயின. இரும்பைக்கொண்டு செய்யக்கூடியதில் இது அரிய திறம். ஆயினும் இரும்பின் எல்லை அங்கேயே முடிந்துவிட்டது. 'கெ' என்று அடிக்க விரும்புபவர் முதலில் கொம்பையும் பின்னர் ககரத்தையும் அடித்தாக வேண்டும். நாம் ஒலிப்பதோ 'க்' என்னும் மெய்யை முன்னும் 'எ' என்னும் உயிரைப் பின்னும். பொறிக்கேற்ப மனிதர் தம் மொழியின் முறையைத் தலைகீழாக்கிக்கொண்டனர்.

கணினி வந்தபின் அந்தக் கட்டாயம் நீங்கியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை தமிழ்99 எனப்படும். அதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்கள் பெரும்பாலும் வலப்புறமும் உள்ளன. 'அம்மா' என எழுத, அ, ம, ம, ஆ என நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே இடப்படுகிறது. மெய்யின் பின் வரும் 'ஆ', தனி உயிராக நில்லாமல் துணைக்காலாக மாறி மகரத்தோடு சேர்கிறது. 'தங்கை'க்கும் நான்கே விசைகள்: த, ங, க, ஐ. மெல்லினத்தின் பின் அதன் இனமான வல்லினம் வந்தால் புள்ளி தேவை என்பதை நிரல் அறிந்திருக்கிறது. நன்னூலார் பாயிரம் எழுதிய மொழியின் புணர்ச்சி அறிவு ஒரு விசைப்பலகைக்குள் புகுந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

இங்கு உற்றுநோக்க வேண்டியது ஒன்று உண்டு. 'ஆ' என்று பொறிக்கப்பட்ட விசையின் பொருள், அதற்கு முன் எதனை அழுத்தினோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. ஆனால் நெகிழி விசையின்மேல் அச்சிட்ட எழுத்து மாறவில்லை. பொருள் மாறியதைப் பழகியவரே அறிவார். தொடுதிரை இந்த இடைவெளியையும் நிரப்பிவிட்டது. இன்று வழங்கும் சில தமிழ் விசைப்பலகைகளில் 'க' என்பதைத் தொட்டவுடன், உயிரெழுத்துகள் இருந்த விசைகளில் கா, கி, கீ, கு, கூ என்று ககர வரிசை தோன்றும். 'ம' என்பதைத் தொட்டால் மா, மி, மீ என அவ்வரிசை தோன்றும். ஆரம்பப் பள்ளியில் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டவணையிலிருந்து தேவையான ஒரு வரிசையை மட்டும் எடுத்து விரலடியில் வைப்பது போன்றது இது. வீட்டில் தமிழ் பேசியும், செய்தி அனுப்பும்பொழுது ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதுபவர்கள் உங்களுள் பலர் இருக்கக்கூடும். 216 உயிர்மெய்களையும் நினைவில் கொண்டு தேட வேண்டுமே என்னும் அச்சம் அதற்கு ஒரு காரணமானால், அந்த அச்சத்திற்கு இப்பொழுது இடமில்லை.

திரை இவ்வாறு மாறுவதன் உட்பொறி யாது? திரையிலுள்ள கட்டுப்பாடுகள் அனைத்தும் கைபேசியின் நினைவகத்தில் ஒரு மரமாக அமைந்துள்ளன. திரை வேர், பெட்டிகள் கிளைகள், பொத்தான்களும் சொற்களும் இலைகள். தளவமைப்பைக் கணக்கிடும் வேலை பெரும்பாலும் இரு சுற்றுகளாக நடைபெறும். முதற்சுற்றில் ஒவ்வொரு பெட்டியும் தன்னுள் இருப்பவற்றிடம், 'உனக்கு எவ்வளவு அகலமும் உயரமும் வேண்டும்?' என்று கேட்கிறது. இலைகள் தம் தேவையைச் சொல்ல, கிளைகள் கூட்டிச் சொல்ல, வேருக்கு முழுக்கணக்கும் வந்துசேர்கிறது. இரண்டாம் சுற்றில் வேர் தன்னிடமுள்ள இடத்தைப் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் அமர்த்துகிறது. திருமணப் பந்தியில் விருந்தினரை எண்ணிப் பார்த்தபின் இலை போடுவதற்கு ஒப்பானது இம்முறை. ஒரு பொத்தான் புதிதாகச் சேர்ந்தாலும், ஒரு சொல் நீண்டாலும் கணக்கு மறுபடியும் நடக்கும். திரை நொடிக்கு அறுபது முறை வரையப்படுமானால், ஒருமுறை வரைய ஏறத்தாழ 16 மில்லி நொடிகளே உண்டு. அதற்குள் கணக்கு முடியாவிட்டால் திரை தடுமாறுவதை நம் கண் கண்டுவிடும்.

விருந்தினரை எண்ணாமலே இலை போடும் நிரலர்களும் உள்ளனர். தமிழ்ப் பயனர்க்குத் தொல்லை தொடங்குவது அங்கேதான். ஆங்கிலத்தில் செயலியை உருவாக்குபவர், 'டெலீட்' என்னும் ஆறெழுத்துச் சொல் அடங்கும் அளவுக்கு ஒரு பொத்தானை அளந்து, அந்த அகலத்தை எண்ணாகவே நிரலில் எழுதிவிடுகிறார். பின்னர் அதே பொத்தானில் தமிழ்ச்சொல் வந்து அமர வேண்டியிருக்கிறது. ஒரு பொத்தானில் 'படங்களை அழிக்கவும்' என்றும் மற்றொன்றில் 'படங்களை அழிக்க வேண்டாம்' என்றும் இருப்பதாகக் கொள்வோம். இடம் போதாமல் இரண்டுமே 'படங்களை அழிக்க…' என்று வெட்டுப்பட்டு நிற்கும். தமிழில் எதிர்மறை சொற்றொடரின் இறுதியில் வருவது, வெட்டுப்படுவதும் இறுதியே. ஊரிலிருக்கும் பாட்டி, பேரக்குழந்தைகளின் படங்களைக் காத்துக்கொள்ள எந்தப் பொத்தானைத் தொடுவார்? எழுத்தின் அளவையும் அவர் பெரிதாக வைத்திருந்தால் 'படங்…' என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அகலம் மட்டுமன்றி உயரமும் சிக்கலே. 'கீ' மேலே சுழிக்கிறது. 'மூ' கீழே இறங்குகிறது. ஆங்கில வரியின் உயரத்திலேயே தமிழையும் அமர்த்தினால் மேற்சுழியோ கீழ்ச்சுழியோ நறுக்கப்பட்டு 'கீ' என்பது 'கி' எனத் தோன்றலாம். அகலத்தையும் உயரத்தையும் எண்ணாக எழுதாமல், 'உள்ளிருக்கும் சொல்லுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு; இடம் போதாவிட்டால் அடுத்த வரிக்கு இறங்கு' என்று விதியாக எழுதுவதே இதற்கு முறையான தீர்வு. அவ்வாறு எழுதிய செயலி, தன்னை உருவாக்கியவர் ஒருபோதும் கேட்டிராத மொழிக்கும் இடம் கொடுக்கும்.

உருதுவின் வழி இன்னும் வியப்பிற்குரியது. அது வலமிருந்து இடமாக எழுதப்படும் மொழி. கைபேசியின் மொழியாக உருதுவைத் தேர்ந்தெடுத்தால் சொற்கள் மட்டுமல்ல, திரை முழுவதும் கண்ணாடியில் தெரியும் உருவம்போலத் திரும்பிவிடும். இடமூலையில் இருந்த பட்டியல் வலமூலைக்குச் செல்லும். பின்செல்லும் அம்பு வலப்புறம் நோக்கும். ஆண்ட்ராய்டு இயங்குதளம் 2012-இல் வெளிவந்த 4.2 பதிப்பிலும், ஐபோன் 2015-இல் வெளிவந்த ஒன்பதாம் பதிப்பிலும் இவ்வசதியை முழுமையாகப் பெற்றன. 'இடப்புறம்', 'வலப்புறம்' என்று எழுதிவந்த நிரலர்கள் அதற்குப்பின் 'தொடக்கம்', 'முடிவு' என்று எழுதக் கற்றுக்கொண்டனர். எனினும் எல்லாம் திரும்பிவிடுவதில்லை. பாட்டை ஓடவிடும் முக்கோணப் பொத்தான் வலப்புறம் நோக்கியே இருக்கும். அது ஒலிநாடா ஓடும் திசையைக் குறிப்பதேயன்றி எழுத்தின் திசையை அன்று.

மாற்றம் எப்பொழுதும் நன்மையே தரும் என்று எண்ணிவிடக் கூடாது. மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆபீஸ் 2000 என்னும் தொகுப்பில், பயனர் அடிக்கடி பயன்படுத்தும் கட்டளைகளை மட்டும் காட்டி மற்றவற்றை மறைத்துவைக்கும் பட்டியல்களை அமைத்தது. நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடுதான்; ஆனால் நேற்று மூன்றாவதாக இருந்த கட்டளை இன்று எங்கே என்று மக்கள் தேடத் தொடங்கினர். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் சொல் எழுதும் செயலி முதலியவற்றிலிருந்து அப்பட்டியல்களே விடைபெற்றன. இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானைத் தொடப் போகும் நொடியில் மேலே ஒரு விளம்பரம் புகுந்து பக்கத்தைக் கீழே தள்ள, நம் விரல் வேறொன்றில் படுவதும் இவ்வகைத் தொல்லையே.

அப்படியானால் ககர வரிசை காட்டும் விசைப்பலகை மட்டும் நம்மைக் குழப்பாதது ஏன்? அங்கே முகம் மாறுகிறது, இடம் மாறுவதில்லை. 'ஆ' இருந்த விசையிலேயே 'கா' தோன்றுகிறது. 'இ' இருந்த விசையிலேயே 'கி'. மேலும், நாம் 'க' என்பதைத் தொட்டதனால்தான் அது மாறியது; தானாக மாறவில்லை. தொலைபேசி எண் கேட்கும் பெட்டியைத் தொட்டதும் எண்விசைகள் வருவதும், மின்னஞ்சல் முகவரிப் பெட்டியில் அதற்குரிய குறி முன்வந்து நிற்பதும் இவ்வாறே. பயனர் செய்த செயலின் விடையாக வரும் மாற்றத்தை அவர் மனம் எளிதில் ஏற்றுக்கொள்கிறது.

ஒருபோதும் மாறக் கூடாத பட்டியலும் ஒன்று உண்டு. அது மொழிகளின் பட்டியல். விளையாட்டாக யாரோ உங்கள் கைபேசியின் மொழியைக் கொரிய மொழிக்கு மாற்றிவிட்டால், எல்லாக் கட்டளையும் கொரிய எழுத்தில் தோன்றும். தமிழ் என்பதையும் கொரிய எழுத்தில் எழுதியிருந்தால் நீங்கள் எவ்வாறு மீள்வீர்கள்? ஆகவே நன்கு அமைந்த பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே நிற்கும். படிப்பவர் யாரென்று அறியாத இடத்தில் தெருப்பலகையின் பழைய முறையே சரியானது.

வீட்டிலுள்ள பெரியவரின் இசைவு பெற்று இப்பயிற்சியைச் செய்யுங்கள். கைபேசியின் மொழியைத் தமிழாக்குங்கள். எழுத்தின் அளவை மிகப் பெரியதாக வையுங்கள். மாற்றுவதற்கு முன், அமைப்புகளுக்குள் சென்ற வழியை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வர அது உதவும். பின்னர் நீங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் மூன்று செயலிகளைத் திறந்து, எந்தச் சொல் வெட்டுப்பட்டுள்ளது, எந்தச் சொல் தமிழுக்கு வராமல் ஆங்கிலத்திலேயே நிற்கிறது, எந்தப் பொத்தான் திரைக்கு வெளியே சென்றுவிட்டது என்று பட்டியல் எழுதுங்கள். பெரும்பாலான செயலிகளில் கருத்துத் தெரிவிப்பதற்கு ஓரிடம் இருக்கும். வெட்டுப்பட்ட சொல்லையும் அதன் முழு வடிவையும் குறிப்பிட்டு, தமிழிலேயே இரண்டு வரி எழுதி அவ்விடத்தில் அனுப்புங்கள்.