கார்டிசால் மிகுதி: உடல் காட்டும் அறிகுறிகள்

சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. நோய், காயம், கவலை ஆகிய வேளைகளில் இதன் அளவு உயர்வது இயல்பே. நெருக்கடி தீர்ந்ததும் தணிந்துவிடும். நீண்ட காலம் மிகுந்தே இருந்தால் உடலின் தோற்றமே மாறத் தொடங்குகிறது.

முகம் வட்டமாக உப்பும். பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும். கை கால்களோ மெலியும். எடை கூடிவிட்டதாக மட்டும் எண்ணிப் பலர் கவனியாது விடுகின்றனர். சாதாரண உடற்பருமனிலிருந்து இதனை வேறுபடுத்தும் அடையாளங்கள் தோலிலும் தசையிலும் உள்ளன. இலேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகும். வயிற்றிலும் தொடையிலும் அகன்ற செவ்வூதா நிற வரிகள் தோன்றும். தரையில் அமர்ந்தவர் கையூன்றாமல் எழ இயலாது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உயரலாம், எலும்பு வலுவிழக்கலாம். சில ஆண்டுகளுக்கு முந்தைய புகைப்படத்துடன் முகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவரிடமும் அதைக் காட்டுங்கள்.

சுரப்பிக் கட்டிகளாலும் இந்நிலை ஏற்படும். ஆனால் அது அரிது. பெரும்பாலும் காரணம் வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டு மருந்தே. “ஸ்டீராய்டு உட்கொள்கிறீர்களா?” என வினவினால் “இல்லை” என்றே பலரும் கூறுவர். மூட்டுவலிக்கெனச் சீட்டின்றி வாங்கிய மாத்திரை அட்டையில் டெக்ஸாமெத்தசோன் என்றோ பிரெட்னிசோலோன் என்றோ அச்சிடப்பட்டிருக்கும். பெயரிடப்படாத பொடிகளிலும், முகத்தை வெளுப்பாக்கும் சில களிம்புகளிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். ஆகவே, பயன்படுத்தும் அனைத்தையும் மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள். எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

இதைப் படித்ததும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடாதீர்கள். சில வாரங்களுக்கு மேல் ஸ்டீராய்டு உட்கொண்டவரின் அட்ரீனல் சுரப்பி உறங்கிய நிலையில் இருக்கும். மருந்து திடீரென நின்றால் கார்டிசால் இல்லாமலேயே போய், உயிருக்கே ஆபத்து நேரலாம். கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல், மயக்கம் ஏற்பட்டால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். ஸ்டீராய்டு உட்கொண்ட விவரத்தை முதலிலேயே தெரிவியுங்கள். மருத்துவர் மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். ஆஸ்துமாவுக்கு மருத்துவர் அளித்த இன்ஹேலரையும் அச்சத்தால் நிறுத்த வேண்டாம். அதில் மருந்தின் அளவு மிகக் குறைவு.

கார்டிசால் அதிகாலையில் மிகுந்தும் நள்ளிரவில் குறைந்தும் இருப்பதால், காலையில் எடுக்கும் ஒரேயொரு இரத்தப் பரிசோதனையைக் கொண்டு மிகுதியை உறுதிசெய்ய இயலாது. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துத் தருமாறு கேட்கப்பட்டால், ஒருவேளையும் விடுபடாமல் சேகரியுங்கள்.