1,898 மீட்டர், நான்கு பேர், எத்தனை பிராங்க்?

குழந்தைகளோடு சுவிட்சர்லாந்து போகிறவர்கள் பெரும்பாலும் பனிமுடிகளைத்தான் முதலில் குறித்துவைக்கிறார்கள். யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிட்லிஸின் மேல்நிலையம் 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. லூசர்ன் நகருக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸர்ஹார்ன் 1,898 மீட்டர்தான். ஆனால் பணம், நேரம், குழந்தையின் உடல்நிலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இந்தச் சிறிய மலையே முந்துகிறது.

உயரக் கணக்கு

ஸ்டான்ஸ் ஊர்: சுமார் 450 மீட்டர்
கெல்ட்டி இடைநிலையம்: 711 மீட்டர்
கேபிள் காரின் மேல்நிலையம்: 1,850 மீட்டர்
மலைமுடி: 1,898 மீட்டர்

ஊரிலிருந்து முடிவரை மொத்த ஏற்றம் 1,448 மீட்டர். இதில் சுமார் 260 மீட்டரை, தண்டவாளத்தில் கம்பிவடம் இழுத்துச் செல்லும் ஃபுனிகுலர் வண்டி ஏற்றிவிடுகிறது. அடுத்த 1,139 மீட்டர் கேபிள் காரின் பொறுப்பு. நாம் நடந்து ஏற வேண்டியது மீதமுள்ள 48 மீட்டர் மட்டும். அதாவது மொத்த ஏற்றத்தில் நூற்றில் மூன்று பங்கு. முடியைச் சுற்றி வரும் பாதையை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஐந்து வயதுக் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்; தோளில் தூக்க வேண்டி வந்தாலும் அப்பாவுக்கு மூச்சு வாங்காது.

உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். இங்கே அந்த எல்லைக்கு 600 மீட்டர் கீழேயே நிற்கிறோம். தலைவலி, வாந்தி என்று ஒரு நாளை இழக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ உடன் வந்தால் இந்த 600 மீட்டரின் அருமை தெரியும்.

கம்பிவடக் கணக்கு

1893இல் இந்த மலைக்கு மூன்று பிரிவுகளாக ஃபுனிகுலர் பாதை போட்டார்கள். 1970இல் மின்னல் தாக்கி முடியிலிருந்த ஓட்டல் எரிந்தது. மேலிரண்டு பிரிவுகள் அத்தோடு கைவிடப்பட்டன. 1975இல் அவற்றின் இடத்துக்குக் கேபிள் கார் வந்தது. கீழ்ப்பிரிவு இன்றும் ஓடுகிறது. திறந்த மரப்பெட்டி, மர இருக்கை. பாதி வழியில் எதிர்வண்டி விலகிப் போகும்போது இரண்டு வண்டிகளிலும் உள்ள பிள்ளைகள் கையசைத்துக்கொள்வார்கள்.

2012இல் பழைய கேபிள் காருக்குப் பதிலாகக் ‘கப்ரியோ’ வந்தது. மேல்தளம் திறந்தவெளியாக உள்ள உலகின் முதல் இரண்டடுக்குக் கேபிள் கார் இதுதான். வழக்கமான கேபிள் காரில் வடம் தலைக்கு மேலே போகும்; அதில் பெட்டி தொங்கும். இங்கே தாங்கும் வடங்கள் பெட்டியின் இரு பக்கங்களிலும் ஓடுகின்றன. அதனால்தான் மேல்தளத்தில் நிற்பவருக்கும் வானத்துக்கும் நடுவே எதுவும் இல்லை. கீழ்த்தளத்திலிருந்து உள்ளேயே படியேறி மேலே வரலாம்.

ஒரு பெட்டியில் 60 பேர். அவர்களில் 30 பேர் மேல்தளத்தில் நிற்கலாம்
பயண நேரம்: ஏறத்தாழ ஆறரை நிமிடம்
செலவு: 2.81 கோடி பிராங்க்

பெட்டிகள் இரண்டு, ஆகமொத்தம் 120 இடங்கள். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 2,34,000 பிராங்க் முதலீடு. நிமிடத்துக்கு 175 மீட்டர் செங்குத்தாக உயர்கிறோம். கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு இந்த எண்களே பதில்.

நேரக் கணக்கு

லூசர்னிலிருந்து ஸ்டான்ஸுக்கு ரயிலில் சுமார் 20 நிமிடம். நிலையத்திலிருந்து ஃபுனிகுலருக்குச் சில நிமிட நடை. இரண்டு வண்டிகளும் மாறும் நேரத்தைச் சேர்த்தாலும் காலை உணவுக்குப் பின் புறப்பட்டு, மலையைச் சுற்றி, மதியச் சாப்பாட்டை முடித்து, மாலைக்குள் நகரத்துக்குத் திரும்பிவிடலாம். குளிர்காலத்தில் வண்டி ஓடாது. ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் நடுவரைதான் பருவம்.

பணக் கணக்கு

அண்மைய ஆண்டுகளில் ஸ்டான்ஸிலிருந்து போகவர பெரியவருக்கு 82 பிராங்க், 6 முதல் 15 வயதுவரை 20.50 பிராங்க், 6 வயதுக்குள் இலவசம். ஒரு பிராங்க் தோராயமாக 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் இருவர், பத்து வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால்:

முழுக் கட்டணம்: 164 + 20.50 = 184.50 பிராங்க், சுமார் 18,500 ரூபாய்.

அரைக்கட்டண அட்டை: பெற்றோருக்கு 82 பிராங்க் மிச்சம். ஆனால் வெளிநாட்டவருக்கான ஒரு மாத அட்டையின் விலை 2025இல் தலைக்கு 150 பிராங்க், இருவருக்கு 300. முழுக் கட்டணத்தில் ஒருவர் 300 பிராங்குக்கு மேல் பயணம் செய்தால்தான் அட்டைக் காசு திரும்பும். இந்த ஒரு மலைக்காக வாங்கினால் நட்டம்.

சுவிஸ் டிராவல் பாஸ் (குறிப்பிட்ட நாட்களுக்கு ரயிலுக்கும் படகுக்கும் ஒரே சீட்டு): கூடுதல் செலவு பூஜ்யம். இந்த பாஸில் முழுவதும் இலவசமாக ஏறக்கூடிய மலைகளில் ரிகி, ஸ்டோஸ் ஆகியவற்றோடு ஸ்டான்ஸர்ஹார்னும் ஒன்று. பெற்றோரிடம் பாஸ் இருந்தால் இலவசக் குடும்ப அட்டை கேட்டு வாங்கலாம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் கட்டணம் இல்லை.

2025இல் மூன்று நாள் பாஸின் விலை இரண்டாம் வகுப்பில் 244 பிராங்க். நாளொன்றுக்கு 81.33 பிராங்க் ஆகிறது. இந்த மலையின் கட்டணமே 82 என்பதால், ஏறிய அன்றைக்கே அந்த நாளின் பாஸ் காசு வந்துவிட்டது. லூசர்ன் ரயிலும் ஏரிப் படகும் மேல்லாபம். அதே ஆண்டில் எட்டு நாள் பாஸ் 419 பிராங்க். அதில் ஒரு நாள் 52.38தான்.

இதே பாஸுக்கு பிலாட்டஸிலும் டிட்லிஸிலும் பாதிக் கட்டணம்தான் குறையும். யுங்ஃபிராவ்யோக்கில் கடைசிக் கட்டத்துக்குக் கால்வாசி மட்டுமே குறையும்; இன்டர்லாக்கனிலிருந்து அங்கே போகவர முழுக் கட்டணமோ 200 பிராங்கைத் தாண்டுகிறது.

பையில் வைக்க வேண்டியவை

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஸ்டான்ஸில் 24 டிகிரி என்றால் முடியில் 15 டிகிரி அளவில் இருக்கும். திறந்த மேல்தளத்தில் காற்று முகத்தில் அடிக்கும். காது மூடும் தொப்பியும் காற்று புகாத மேலங்கியும் பிள்ளைகளுக்குக் கட்டாயம். தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டாம். சுவிட்சர்லாந்தின் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது. வெறும் பாட்டில் போதும். மேலே சுழலும் உணவகம் இருக்கிறது. சிக்கனம் வேண்டுமென்றால் லூசர்னில் கோப் அல்லது மிக்ரோஸ் கடையில் ரொட்டியும் பழமும் வாங்கிச் செல்லுங்கள்.

மூடுபனி நாளில் 184.50 பிராங்க் கொடுத்தால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க முடியும். காலையில் மலைமுடிக் கேமராவைப் பார்த்த பிறகே டிக்கெட் எடுங்கள். பலத்த காற்றிலும் இடிமழையிலும் கேபிள் கார் நிற்கும் என்பதால் இன்னொரு நாளையும் கையிருப்பில் வையுங்கள்.

பனியைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் உயர்ந்த முடிகளுக்குத்தான் போக வேண்டும். ஆறு வயதுக் குழந்தை தானே நடந்து ஒரு மலைமுடியில் நிற்க வேண்டும், ஏரிகளும் ஆல்ப்ஸ் வரிசையும் கண்முன்னே விரிய வேண்டும், மறுநாள் பயணத்துக்கும் பணம் மிஞ்ச வேண்டும் என்றால் ஸ்டான்ஸர்ஹார்ன் போங்கள். பாஸை முதலில் வாங்குங்கள், மலையை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். புறப்படும் முன் அந்த ஆண்டின் கட்டணத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.