மருந்தை விடுவதற்கும் முறை உண்டு

மருந்து உண்பதற்கு முறை உண்டு என்பதை யாவரும் அறிவர். உண்டுவந்த மருந்தை விடுவதற்கும் முறை உண்டு என்பதைப் பலர் அறியார். மனப்பதற்றம் தணிக்கும் மாத்திரைகளைப் பொறுத்தவரை, இவ்வறியாமை உயிருக்கே ஊறு செய்யக்கூடும்.

லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியல் அறிஞர் கண்டறிந்த லிப்ரியம் 1960ஆம் ஆண்டிலும், அதே இனத்தைச் சேர்ந்த வேலியம் 1963ஆம் ஆண்டிலும் விற்பனைக்கு வந்தன. இவ்வினத்திற்குப் பென்சோடையசபின் என்று பெயர். 1961ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர் லியோ ஹாலிஸ்டரும் அவர்தம் துணைவரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். மிகுந்த அளவில் லிப்ரியம் உண்டுவந்த 11 பேருக்கு அதனைத் திடீரென நிறுத்தி, மருந்தில்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. அவர்களுள் 10 பேருக்குப் புதிய தொல்லைகள் தோன்றின. இருவருக்கு வலிப்பே வந்துவிட்டது.

இதற்குக் காரணம் யாது? மூளையில் காபா என்னும் பொருள் நரம்புகளின் கிளர்ச்சியை அடக்கி வைக்கிறது. மாத்திரை அதன் ஆற்றலைப் பெருக்குகிறது. இவ்வுதவி வாரக்கணக்கில் கிடைத்துவரின், மூளையின் அடக்கும் திறன் அதற்கேற்பக் குறைந்துவிடுகிறது. இருவர் சுமந்து செல்லும் பாரத்தை ஒருவர் சட்டென விட்டால் மற்றவர் தடுமாறுவார் அல்லவா? அதுபோலவே மருந்து நின்றதும் தூக்கமின்மை, நடுக்கம், வியர்வை, படபடப்பு ஆகியவை எழுகின்றன. அல்பிரசோலம் போன்றவற்றை நிறுத்தினால் ஓரிரு நாளில் இவை தோன்றலாம். வேலியம் உடலில் நெடிது தங்குவதால் ஒரு வாரம் கழித்தும் தோன்றலாம். அதனால் நோயாளி இதனை மருந்து நின்றதன் விளைவென உணராமல், பழைய நோயே திரும்பிவிட்டதாக அஞ்சுகிறார்.

அச்சத்தால் பலர் முன்னைய அளவையே மீண்டும் விழுங்குகின்றனர்; சற்றுத் தேறியதும் மறுபடி விட்டுவிடுகின்றனர். இவ்வூசலாட்டம் நன்றன்று. இடைவெளி நீண்டிருப்பின் அந்த அளவைத் தாங்கும் பழக்கம் உடலுக்குக் குறைந்திருக்கும். பழைய அளவே மிகை மயக்கத்தைத் தரும். மதுவோ அபின் இன வலிநீக்கிகளோ உடன் சேர்ந்தால் மூச்சு அடங்கி உயிர் போகவும் கூடும்.

பதற்றத்திற்கு வழங்கப்படும் செர்ட்ராலின், பராக்செட்டின் முதலியன வேறு இனத்தவை. அவற்றையும் திடீரென விட்டால் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு ஆகியன தோன்றலாம். மீண்டும் தொடங்கினாலோ, முழுப் பயன் கிட்டப் பல வாரங்கள் ஆகும்.

ஆகவே, படிப்படியாகக் குறைப்பதே தக்க வழி. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மருந்து விடுவோர்க்கெனச் சிகிச்சை நிலையம் நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன், அவரவர் உடல் தாங்கும் வேகத்திலேயே குறைக்க வேண்டுமென வற்புறுத்தினார். அதற்கு வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அளவை மருத்துவரே வகுத்தல் வேண்டும். இடையில் நிறுத்தியவரும் அவரைக் கேட்டே மீண்டும் தொடங்குதல் வேண்டும். வலிப்போ மனக்குழப்பமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

“இன்னுமா மாத்திரை?” என்று வீட்டார் கடிந்துகொள்வது பரிவினால் எழுவதே. ஆயினும், அச்சொல்லுக்கு நாணி ஒருவர் ஒரே நாளில் மருந்தை விட்டுவிடலாம். கடிந்துகொள்வதினும், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உண்மையான துணையாகும்.